ஏர் வெஸ்டுக்கு முன்னால் தலைக்கவசம்: இவென்டிங் பழகும் மகளின் தாய்க்கு ஒரு பதில்

கடிதத்தின் சுருக்கம்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய 17 வயது மகள் நிலாவெளிப் பக்கம் ஒருவர் வைத்திருக்கும் குதிரைகளில் சவாரி பழகி வருகிறாள். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் இங்கிலாந்தில் சின்னம்மா வீட்டில் தங்கி, குதிரைப் பராமரிப்புப் படித்து, அங்கே இவென்டிங் என்ற குதிரையேற்றப் போட்டிகளில் இறங்க வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. இப்போதே கடற்கரையில் மரக்குற்றிகளைக் குறுக்கே போட்டுத் தாண்டிப் பழகத் தொடங்கிவிட்டாள். தகப்பனுக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

சின்னம்மாவின் மகள் முன்பு பாவித்த சவாரித் தலைக்கவசமும், ஊதா நிற லேபலில் 3 என்று அடித்த உடற்கவசமும் பார்சலில் வந்திருக்கின்றன. தாய் சேர்த்து வைத்திருப்பது ஒன்றரை லட்சம் ரூபாய். “இரண்டு கவசமும் கையில் இருக்கின்றனவே, காசு முழுவதையும் காற்று நிரம்பும் சட்டையான ஏர் வெஸ்டுக்குப் போடலாமா? தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டால் இன்னும் பலம் அல்லவா? சூடு தாங்காமல் பழகும்போது எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுகிறாள். மணலில்தானே விழுவாள் என்று நானும் விட்டுவிடுகிறேன். இது சரியா? பேசாமல் சவாரியையே நிறுத்திவிடட்டுமா?” இவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

ஏர் வெஸ்டை இப்போது வாங்காதீர்கள். பார்சலில் வந்த தலைக்கவசத்தைப் பிள்ளையின் தலையில் வைக்கவே வேண்டாம். உங்கள் காசு ஒரு புதுத் தலைக்கவசத்துக்கும், உடம்பில் வைத்து அளவு பார்த்து எடுத்த உடற்கவசத்துக்கும், குதிகால் உள்ள சப்பாத்துக்கும் போகட்டும். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மகளோடும் கணவரோடும் கதைக்கும்போது அவை உங்களுக்குத் தேவைப்படும்.

இவென்டிங் மூன்று பகுதி கொண்ட போட்டி: குதிரையின் அடக்கத்தையும் நடையையும் பார்க்கும் டிரெசாஜ், திறந்த வெளியில் ஓடித் தடைகளைத் தாண்டும் குரொஸ் கன்ட்ரி, கம்புத் தடைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் இலங்கைக்காக மட்டில்டா கார்ல்சன் சவாரி செய்தது ஷோ ஜம்பிங்கில். அங்கே குதிரையின் கால் பட்டால் கம்பு கழன்று விழும். குரொஸ் கன்ட்ரியில் தடை பெரும்பாலும் நிலத்தில் இறுக்கிய மரம். அது அசையாது. குதிரையின் முன்னங்கால், முழங்காலுக்கு மேலே அந்த மரத்தில் இடித்தால் குதிரை தலைகீழாகச் சுழன்று சவாரி செய்பவர் மேலேயே விழக்கூடும். இந்த விளையாட்டில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அந்தச் சுழல் விழுகைதான். 1999இல் பிரிட்டனில் மட்டும் ஐந்து பேர் இவென்டிங்கில் இறந்தார்கள். அதற்குப் பிறகே, குறிப்பிட்ட விசைக்கு மேல் இடித்தால் உடைந்து மரத்தை இறக்கிவிடும் ஆணிகளையும் கிளிப்புகளையும் தடைகளில் பொருத்தும் வழக்கம் வந்தது.

ஐநூறு கிலோ எடையுள்ள குதிரை மேலே விழுவதைத் தாங்க எந்த உடுப்பாலும் முடியாது. அந்த ஆபத்தைக் குறைப்பது பயிற்சி, வேகக் கட்டுப்பாடு, தடையின் அமைப்பு ஆகியவை. கவசம் உதவுவது அதைவிட எத்தனையோ மடங்கு கூடுதலாக நடக்கும் மற்ற விழுகைகளுக்கு: தலை நிலத்தில் அடிபடுவது, விலா எலும்பு மரத்தில் மோதுவது, குளம்பு படுவது, சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையமான அங்கவடியில் கால் மாட்டி இழுபடுவது. எதற்கு எது பயன்படும் என்று தெரிந்துகொண்டால், எதை முதலில் வாங்குவது என்பதில் குழப்பம் வராது.

தலைக்கவசம்: பழையது ஏன் கூடாது

தலைக்கவசத்தின் வேலையைச் செய்வது வெளி ஓடு அல்ல, உள்ளே இருக்கும் நுரை. அடி விழும்போது அந்த நுரை நசுங்கி, மண்டைக்குப் போகவேண்டிய விசையைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்கிய நுரை திரும்ப எழும்பாது. ஒரு பலத்த அடியோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அந்தக் கவசத்தோடு சின்னம்மாவின் மகள் எத்தனை தரம் விழுந்தாள், அது எத்தனை தரம் சீமெந்துத் தரையில் விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் ஞாபகம் இருக்காது. அடியே படாவிட்டாலும் வியர்வை, வெயில், வயது என்பவற்றால் நுரையும் பசையும் தளரும். ஐந்து வருடத்துக்குள் மாற்றுங்கள் என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு மற்ற எதையும் கைமாற்றிக் கொடுக்கலாம், தலைக்கவசத்தைக் கொடுக்கக்கூடாது. அதன் நாடாக்களை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுதாக விட்டால், நல்ல மனதோடு யாராவது எடுத்து நிலாவெளியில் குதிரை பார்க்கும் பொடியன்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் பாரமாக இருப்பதால் பலம் கூட என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது வேறு வகை மோதலுக்காகச் செய்தது. சவாரிக் கவசம் பெரும்பாலும் முக்கால் கிலோவுக்குள் இருக்கும், முழு முகம் மூடும் ஹெல்மெட் அதைப்போல் இரண்டு மடங்கு. குதிரை ஒவ்வொரு தரம் தாண்டும்போதும் அந்தப் பாரத்தைப் பிள்ளையின் கழுத்து சுமக்க வேண்டும். பக்கப் பார்வையும் காதும் மறைபடும். குளம்போ தடையின் கூரோ படுவதையும், குதிரைக்கு அடியில் பக்கவாட்டில் நசுங்குவதையும் நினைத்துச் சோதிப்பது சவாரிக் கவசங்களைத்தான். சைக்கிள் ஹெல்மெட் தலையின் பின்பக்கத்தைப் போதிய அளவு மூடாது. கிரிக்கெட் ஹெல்மெட் பந்துக்குச் செய்தது, உயரத்திலிருந்து விழுவதற்கு அல்ல.

புதுக் கவசத்தின் உள்ளே தைத்த அல்லது ஒட்டிய லேபலில் தர எண்ணைப் பாருங்கள். பிஏஎஸ் 015, விஜி1 01.040, எஸ்இஐ முத்திரையோடு கூடிய ஏஎஸ்டிஎம் எஃப் 1163, ஸ்னெல் ஈ வரிசை: இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஈஎன் 1384 என்ற பழைய ஐரோப்பிய எண் மட்டும் இருந்தால் எடுக்காதீர்கள். அந்தத் தரம் போதாது என்று ஒதுக்கப்பட்டு, பிறகு புதுப் பதிப்பு வந்தது. தர எண்ணுக்குப் பக்கத்தில் கைட்மார்க் முத்திரையும் இருந்தால் நல்லது. மாதிரியாக ஒன்றை மட்டுமல்லாமல், தொழிற்சாலையிலிருந்து வரும் தொகுதிகளையும் எடுத்துச் சோதிக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். இங்கிலாந்தில் போட்டிப் பொறுப்பாளர்கள் இந்த லேபலைப் பார்த்துத்தான் அனுமதி கொடுப்பார்கள், விலையைப் பார்த்து அல்ல. அடிப்படை விலையில் கிடைக்கும் கவசமும் இதே சோதனையைத் தாண்டித்தான் வருகிறது. இருநூறு பவுண் கூடக் கொடுத்து வாங்கும் தோல் ஒட்டும் பளபளப்பும் மகளின் மண்டையைக் காக்காது.

குரொஸ் கன்ட்ரிக்கு முன்விளிம்பு நிலையாகப் பொருத்தப்படாத, வழுவழுப்பான உருண்டைக் கவசமே வேண்டும். விளிம்பு நிலத்தில் ஊன்றினால் தலையைப் பின்னோக்கித் திருப்பும். இந்த வகைக்கு ஜொக்கி ஸ்கல் என்று பெயர். மேலே ஒரு துணி உறை போட்டுக்கொண்டால் டிரெசாஜுக்கும் அதையே பாவிக்கலாம். ஆகவே ஒன்றே போதும்.

அளவு எடுக்கும்போது, தையல் நாடாவைப் புருவத்துக்கு மேல் ஒரு விரல் விட்டு, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். சவாரிக்குப் போகும்போது தலைமயிரை எப்படிக் கட்டுவாளோ அப்படிக் கட்டியே அளக்க வேண்டும். உச்சிக் கொண்டையோடு அளந்துவிட்டுப் பின்னலோடு போட்டால் கவசம் ஆடும். பின்கழுத்தில் தாழ்வாகக் கட்டுவதே சரி. கவசத்தை வைத்து, நாடாவைப் பூட்டாமல், குனிந்து தலையை ஆட்டச் சொல்லுங்கள். நெற்றித் தோலும் கவசமும் சேர்ந்து அசைய வேண்டும். கவசம் தனியாக வழுக்கினால் பெரிது. இருபது நிமிடம் போட்டிருந்து நெற்றியிலோ பக்கத்திலோ ஒரே இடம் மட்டும் வலித்தால், அந்தக் கம்பனியின் அச்சு அவளுடைய தலைவடிவத்துக்குப் பொருந்தவில்லை. ஒரு அளவு பெரிதாக எடுப்பது அதற்குத் தீர்வல்ல, வேறு வடிவம் தேட வேண்டும். தாடைக்கும் நாடாவுக்கும் இடையில் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும்.

நம்முடைய ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கவசத்தை விட்டு வராதீர்கள். அந்தச் சூட்டில் நுரை உருமாறும். அடுத்தது, டெங்குக்குப் பயந்து பூசும் நுளம்பு எண்ணெய். டீட் என்ற மருந்து கலந்தவை சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். முதலில் உடம்பில் பூசி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கவசத்தைத் தொட வேண்டும். பெற்றோல், தின்னர், ஸ்டிக்கர் பசை என்பவற்றுக்கும் இதே விதி.

ஊதா லேபல் உடற்கவசம்

லேபலில் 3 என்று இருப்பதைப் பார்த்து உங்களுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. பாதி சரி. ஈஎன் 13158 தரத்தில் மூன்று மட்டங்கள் உண்டு. தாண்டும் சவாரிக்கு வேண்டியது மூன்றாம் மட்டம்தான். ஆனால் பிரிட்டனில் குதிரையேற்றப் பொருள் வணிகர் சங்கமான பெட்டா கொடுக்கும் லேபலில் ஊதா நிறம் 2009ஆம் ஆண்டுப் பதிப்பைக் குறிக்கும். பிறகு 2018 பதிப்பு வந்தது, அதன் லேபல் நீலமும் கறுப்பும். பல போட்டி அமைப்புகள் இப்போது புதுப் பதிப்பையே கேட்கின்றன. ஆக, அந்தக் கவசத்தோடு போனால் பிள்ளையைத் தொடக்கக் கோட்டிலேயே நிறுத்திவிடக்கூடும்.

அதைவிட முக்கியம் நுரையின் நிலை. உறையின் சிப்பைத் திறந்து நுரைத் துண்டுகளைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல நுரை மெதுவாக அமுங்கி மெதுவாக எழும்பும். மட்டையைப்போல் விறைத்திருந்தாலோ, அழுத்திய பள்ளம் அரை மணித்தியாலம் கழித்தும் மாறாவிட்டாலோ அது அடியை வாங்காது. மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இங்கே கடற்காற்று ஈரமும் வியர்வையும் சேர்ந்து இன்னும் விரைவாகவே பழுதாகும்.

உடற்கவசம் முழுக்க முழுக்க அளவைப் பொறுத்தது. சரியான தரத்தில் எடுத்தாலும் அளவு பிழைத்தால் வீண். முன்பக்கத்தில் அதன் கீழ் விளிம்பு கடைசி விலா எலும்புக்கு இரண்டரை சென்றிமீற்றராவது கீழே வர வேண்டும். கல்லீரலும் மண்ணீரலும் விலாவின் கீழ்ப் பகுதிக்குள் ஒதுங்கியிருக்கின்றன; விலா முறிந்து அவற்றில் குத்தினால் வயிற்றுக்குள் இரத்தம் போகும். பின்பக்கத்தில் மேல் விளிம்பு, குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பை மூட வேண்டும். கீழ் விளிம்புக்கும் சேணத்துக்கும் இடையில் ஒரு கை அகலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குதிரை தாண்டி இறங்கும்போது சேணம் கவசத்தை மேலே தள்ளும், கவசம் தலைக்கவசத்தின் பின் விளிம்பில் இடிக்கும், தலைக்கவசம் கண்ணை மறைக்கும். ஒரு அளவுப் பிழை தடைக்கு முன்னால் பிள்ளையைக் குருடாக்குவது இப்படித்தான்.

போட்ட உடனே அளவைத் தீர்மானிக்காதீர்கள். ஐந்து பத்து நிமிடத்தில் உடற்சூட்டுக்கு நுரை இளகி உடம்போடு படியும். அதன் பிறகு வெல்க்ரோவைத் திரும்ப இறுக்கி, ஒரு கதிரையில் குதிரைமேல் இருப்பதுபோல் இருத்தி, முன்னே சாய்த்துப் பார்க்க வேண்டும். வளரும் பிள்ளைதானே என்று ஒரு அளவு பெரிதாக எடுப்பது பள்ளிக்கூடச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது. இதனால்தான் உடற்கவசத்தைத் தபாலில் தருவிக்க வேண்டாம் என்கிறேன். அவள் இங்கிலாந்து போனதும், பெட்டா பயிற்சி பெற்றவர் இருக்கும் கடைக்குச் சின்னம்மாவோடு போய் உடம்பில் வைத்துப் பார்த்து வாங்கட்டும். தோள் துண்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள். காரை எலும்பு முறிவு இந்த விளையாட்டில் சாதாரணம்.

ஏர் வெஸ்ட் என்ன செய்யும், என்ன செய்யாது

ஏர் வெஸ்ட் ஒரு நாடாவால் சேணத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். சவாரி செய்பவர் சேணத்தை விட்டுத் தூக்கியெறியப்படும்போது நாடா இழுபட்டு, சிறிய காபனீரொட்சைட்டு உருளையில் துளை விழுந்து, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் காற்று நிரம்பும். கழுத்து, முள்ளந்தண்டு, விலா ஆகியவற்றைச் சுற்றி ஒரு மெத்தை உருவாகும். கெட்டிக்காரத்தனமான சாதனம்தான். ஆனால் நாடா இழுபட்டால்தான் அது வேலை செய்யும். குதிரையும் பிள்ளையும் சேர்ந்து புரண்டால், அவள் சேணத்திலிருந்து பிரிவதற்கு முன்பே நிலத்தில் இருப்பாள்.

சர்வதேச இவென்டிங் போட்டிகளின் விழுகைப் பதிவுகளை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏர் வெஸ்ட் போட்டிருந்தவர்களிடையே கடும் காயங்களின் பங்கு குறைவாக இருக்கவில்லை, கூடுதலாகவே இருந்தது. வெஸ்ட்தான் காயத்தை உண்டாக்கியது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆபத்துக் கூடிய சவாரிகளுக்குப் போகிறவர்களே அதைக் கூடுதலாகப் போட்டிருக்கலாம், அல்லது அதை நம்பித் துணிந்திருக்கலாம். எப்படியோ, உள்ளே நல்ல உடற்கவசம் இல்லாமல் வெஸ்டை நம்புவதற்கு ஆதாரம் கிடையாது. சர்வதேச விதியும் அப்படித்தான்: குரொஸ் கன்ட்ரியில் உடற்கவசம் கட்டாயம்; ஏர் வெஸ்டை அதற்கு மேலே போடலாம், அதற்குப் பதிலாகப் போட முடியாது.

செலவையும் பாருங்கள். உங்கள் ஒன்றரை லட்சம் ஏறக்குறைய 350 பவுண். நல்ல ஏர் வெஸ்ட் ஒன்று அதை முழுவதும் விழுங்கும், மேலும் கேட்கும். ஒவ்வொரு தரம் வெடித்த பிறகும் புது உருளை வேண்டும். நம்முடைய உப்புக் காற்றில் உருளையின் திருகுமரையும் விசை ஆணியும் துருப்பிடிக்கும். விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அதே 350 பவுணில் தலைக்கவசம், உடற்கவசம், சப்பாத்து மூன்றும் அடங்கும். ஏர் வெஸ்டை, அவள் அங்கே ஒரு பருவம் ஓடிய பிறகு, பயிற்றுநரின் யோசனையோடு வாங்கலாம். அப்போது வாங்கினால், அந்தச் சத்தத்துக்குக் குதிரையைப் பழக்கவும், இறங்குவதற்கு முன் நாடாவைக் கழற்றுவதைக் கைப்பழக்கமாக்கவும் மறக்கக்கூடாது. நாடாவைக் கழற்றாமல் குதித்தால் வெஸ்ட் காதடியில் வெடிக்கும், குதிரை மிரண்டு ஓடும்.

அங்கவடியும் சப்பாத்தும்

நீங்கள் கேட்காத விடயம் இது, ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. மகள் விளையாட்டுச் சப்பாத்தோடு சவாரி செய்வதாகக் கடிதத்தில் ஓரிடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். குதிகால் இல்லாத சப்பாத்து அங்கவடிக்குள் வழுகிக் கணுக்கால்வரை போய்விடும். விழும்போது கால் மாட்டிக்கொண்டால் குதிரை அவளை இழுத்துக்கொண்டு ஓடும். இழுபடும் பிள்ளையின் தலை ஒவ்வொரு பாய்ச்சலிலும் பின்னங்கால் குளம்புக்குப் பக்கத்தில் இருக்கும். மாரியில் போடும் றப்பர் பூட்சும் ஆகாது, அதன் ஆழமான பல் அங்கவடியைப் பிடித்துக்கொள்ளும்.

வேண்டியது, வழுவழுப்பான அடி, ஒரு அங்குலக் குதிகால், கணுக்காலை மூடும் உயரம். அந்தச் சப்பாத்தைப் போட்டபடி அங்கவடிக்குள் காலை வைத்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்றிமீற்றருக்குச் சற்றுக் கூட இடைவெளி இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கால் சிக்கும், அகலமாக இருந்தால் முழுப் பாதமும் உள்ளே போய்விடும். மகள் மெலிந்த பிள்ளை என்பதால், வெளிப்பக்கம் றப்பர் வளையம் வைத்த பாதுகாப்பு அங்கவடி பொருந்தும். காலின் அழுத்தத்தில் வளையம் கழன்று வழிவிடும். வளையம் எப்போதும் குதிரையின் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். நிலாவெளி வெயிலில் றப்பர் சீக்கிரம் வெடிக்கும், ஆகவே ஒரு சோடி உபரியாக வைத்திருங்கள். கடைசியாக, சேணத்தில் அங்கவடி வார் தொங்கும் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். அதன் நுனியில் மேலே மடக்கக்கூடிய ஒரு சிறு கொக்கி இருக்கும். சவாரியின்போது அது கிடையாகத் திறந்தே இருக்க வேண்டும். உப்பில் துருப்பிடித்து மேலே மடிந்தபடி இறுகியிருந்தால், கால் மாட்டும்போது வார் கழன்று வராது. எண்ணெய் விட்டு இளக்கச் சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கையுறை, தோள் மூடிய சட்டை, மேற்கையில் கட்டும் மருத்துவ அட்டை. அந்த அட்டையில் இரத்த வகை, ஒவ்வாமை, எடுக்கும் மருந்துகள், அழைக்க வேண்டிய இலக்கம் இருக்கட்டும். காப்பு, தொங்கும் தோடு, சங்கிலி எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பின் பையில் கைபேசி வைத்தால் விழும்போது இடுப்பெலும்பில் குத்தும். தலைக்கவசத்தில் கமரா பொருத்துவதும் கூடாது.

மணலும் சூடும்

மணல் மென்மை என்பது காய்ந்த மேற்பரப்புக்குத்தான் பொருந்தும். குதிரை ஓடக்கூடிய இடம் அலை நனைத்து இறுகிய ஓரம். வேகத்தோடு விழுந்தால் அதுவும் கெட்டித் தரைதான். மேலே காய்ந்த மணலில் ஓடவிட்டால் குதிரையின் கால் புதைந்து தசைநார் கெடும். கால் களைத்த குதிரை போதிய உயரம் எழும்பாமல் குற்றியில் இடிக்கும். ஆகவே மரக்குற்றி தாண்டுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இடித்தாலும் உருளாத குற்றி, அளவு தெரியாத தரை, உடற்கவசம் இல்லாத பிள்ளை, மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. இங்கிலாந்து போகும்வரை சமதள சவாரியும், நிலத்தில் வைத்த கம்புகளை நடத்தியும் ஓடவிட்டும் கடப்பதும் போதும். இவென்டிங்குக்கு வேண்டிய சமநிலையும் தூரக் கணிப்பும் அதிலேயே உருவாகும். தாண்டியே தீர வேண்டும் என்றால், தட்டினால் விழும் கம்பும், பக்கத்தில் ஒரு பயிற்றுநரும் வேண்டும்.

சூட்டைப் பற்றி மகள் சொல்வது பொய்யல்ல. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கவசத்தோடு பத்து மணிக்குச் சவாரி செய்தால் மயக்கம் வரும், அதுவும் விழுகைக்குக் காரணமாகும். அதற்காகக் கவசத்தைக் கழற்றக் கூடாது, நேரத்தை மாற்ற வேண்டும். காலை ஆறு மணிக்கு ஏறி ஏழரைக்குள் இறங்கிவிடட்டும். முன்னதாகவே தண்ணீர் குடித்து, உள்ளே வியர்வை உறிஞ்சும் மெல்லிய சட்டை போடட்டும். சவாரி முடிந்ததும் கவசத்தை ஈரத்துணியால் துடைத்து நிழலில், காற்றாடியின் கீழ் காயவிடுங்கள். விழுகை போட்டிக்கென்று காத்திருப்பதில்லை. குதிரையைக் கழுவக் கூட்டிப்போகும்போதும் ஏறி இருப்பாள் அல்லவா, அப்போதும் தலைக்கவசம் தலையில் இருக்க வேண்டும்.

நிறுத்திவிடலாமா என்ற கேள்வி

என் கருத்து, வேண்டாம். இன்னும் சில மாதங்களில் 18 வயதாகும் பிள்ளை கடல் கடந்து போய், உங்கள் கண்ணில் படாமல் இதைச் செய்யக்கூடியவள். இப்போதே தடுத்தால் அங்கே நடப்பதை உங்களிடம் சொல்லமாட்டாள். கணவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நிபந்தனைகளாக மாற்றுங்கள்: கவசமில்லாமல் ஏறுவதில்லை, தனியாகச் சவாரி போவதில்லை, பயிற்றுநர் சொல்லாமல் தடையின் உயரத்தைக் கூட்டுவதில்லை, தலையில் அடிபட்டால் மறைப்பதில்லை. தகப்பனை ஒருநாள் நிலாவெளிக்குக் கூட்டிப்போய், சேணத்தின் கொக்கியையும் வார்த் தையலையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துப் பரிசோதிக்க ஒரு வேலை கிடைத்தால் அவருக்கும் கொஞ்சம் மனம் ஆறும். இங்கிலாந்தில் சேரும் நிலையத்தில் சவாரி விபத்துக்குக் காப்புறுதி உண்டா, அது போட்டிக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விழுந்துவிட்டால்

ஓடிப்போய்த் தூக்கி நிறுத்துவதுதான் நம்முடைய முதல் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால், கை கால் மரத்தால், கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் வராவிட்டால், கிடந்த கிடையில் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றுவது, முறிந்த முள்ளந்தண்டை நிரந்தர ஊனமாக்கிவிடும். மூச்சு அடைத்தால் தவிரத் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

தானாக எழும்பி நடந்தாலும், தலையில் அடிபட்டிருந்தால் அன்றைக்குத் திரும்பக் குதிரையில் ஏறக்கூடாது. கவசம் மண்டை உடையும் ஆபத்தைக் குறைக்கும். மூளை உள்ளே குலுங்குவதை முழுவதும் தடுக்காது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத நித்திரை, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், ஒரு பக்கம் பலமிழத்தல்: இவற்றில் ஒன்று வந்தாலும், இரவு எத்தனை மணியானாலும், திருகோணமலை பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முதல் இரண்டு நாளும் வலிக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும். விலாவிலோ வயிற்றிலோ அடிபட்ட பிறகு வயிறு இறுகினாலோ, இடது தோளில் காரணமில்லாமல் வலித்தாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ அதுவும் அவசரம். இடது தோள் வலி மண்ணீரல் கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

தலையதிர்ச்சி என்று வைத்தியர் சொன்னால், அறிகுறிகள் அடங்கும்வரை ஓய்வு. பிறகு நடை, சமதள சவாரி, கடைசியாகத் தடை என்று படிப்படியாக, அவருடைய அனுமதியோடு திரும்ப வேண்டும். அன்று போட்டிருந்த தலைக்கவசம் திரும்ப வேண்டாம், புதிது வாங்குங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. குதிரை லாயத்து மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருக்கும், சின்னக் கீறலே அதற்குப் போதும். மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். கடைசி ஏற்பு ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால், அடுத்த சவாரிக்கு முன் ஒன்று போடுவியுங்கள்.